அந்த நாவலைப் பற்றி என் அபிப்பிராயம்

நாவல்களில் வருகிறவர்கள் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போன வருடம் நாங்கள் படித்த ஒரு மூன்று தலைமுறைக் கதையில் ஒருவன் குளிப்பதற்காகக் கிணற்றடிக்குப் போகிறான். வாளியைக் கயிற்றில் கட்டியதுமே யோசனை ஆரம்பித்துவிடுகிறது. பாட்டன் காலத்துச் சண்டை, அத்தை ஓடிப்போனது, நிலம் கைமாறியது எல்லாம் வந்து போய், அத்தியாயமே முடிந்துவிட்டது. ஆள் இன்னும் குளிக்கவில்லை. நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, "இவன் மொதல்ல ஒரு வாளி ஊத்திக்கட்டும், அப்புறம் மேல படிக்கிறேன்" என்றேன். என் மனைவி கண்ணை மூடியபடியே சிரித்தாள். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர், "கரெக்டா சொன்ன சார், வேல வெட்டி இல்லாதவன்" என்றார்.

நாங்கள் படித்தது என்று சொல்கிறேன். படித்தவன் நான், கேட்டவள் அவள். இடம், தாம்பரத்தில் ஒரு டயாலிசிஸ் சென்டர். வாரத்தில் மூன்று நாள் காலையில் முடிச்சூரிலிருந்து ஆட்டோவில் போவோம். ரத்தம் வெளியே போய், சுத்தமாகித் திரும்ப வருவதற்கு மதியம் ஆகிவிடும். சுவரில் மாட்டியிருந்த டிவியில் யாரோ யாருக்கோ நகை விற்றுக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்தை மீறித்தான் படிக்க வேண்டும்.

அவள் தமிழாசிரியை. படிப்பதுதான் அவளுக்குச் சாப்பாடு. சர்க்கரை முதலில் அவள் கண்ணை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை, நடுவில் ஒரு கால்விரலை. நான் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன இன்ஜினியரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். பேப்பரைத் தவிர எதையும் கடைசிவரை படித்த ஆள் இல்லை. அவளால் எழுத்தைப் பார்க்க முடியாமல் போனதும், வேறு வழியில்லாமல் நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு புத்தகங்களை ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு சொல்கிற குரலில் படித்தேனாம். வாய் படிக்கும், புத்தி ஆட்டோ வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் திடீரென்று, "இப்ப யாரு செத்தது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கதாநாயகனின் அப்பா செத்திருக்கிறார், நான்தான் அதைப் படித்திருக்கிறேன்.

அன்றைக்கு அவள் ஒரு சட்டம் போட்டாள். புத்தகம் முடிந்ததும் இருவரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும், நூற்றுக்கு மார்க் போட வேண்டும். இரண்டு பேரும் சொல்லி முடிக்காமல் அடுத்த புத்தகத்தைத் தொடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்திய கை, மார்க் அவ்வளவு சுலபமாக விழாது. எண்பதைத் தாண்டி அவள் யாருக்கும் போட்டதில்லை.

நான் வேறு ஜாதி. எனக்குப் பிடித்தால் நூறு, பிடிக்காவிட்டால் சைபர். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரின் சுயசரிதைக்குச் சைபர் போட்டேன். மனிதர் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு தப்புகூடச் செய்யவில்லை. போகிற ஊரெல்லாம் மேலதிகாரி கெட்டவன், இவர் நல்லவர், ஆகவே மாற்றல். அடுத்த ஊரிலும் அதே கதை. பக்கத்துப் படுக்கைக்காரர் அந்தப் புத்தகம் ஓடிய நாட்களில் குறட்டை விட்டுத் தூங்கினார். அவர் முடிச்சூரின் பழைய குடும்பம். நாங்கள் குடியிருக்கிற அடுக்குமாடி ஒருகாலத்தில் அவருடைய நெல் வயல். "நீ படுத்துக்கினு கீற எடத்துலதான் சார் எங்க நாத்தங்கால்" என்று என்னிடம் சொல்வார். நாவல் படித்தே இராதவர், ஆனால் கதை கேட்டால் விடமாட்டார். நாங்கள் ஒருநாள் தாமதமாகப் போனால், "இன்னா ஆச்சு, அந்தப் பொண்ணு ரயில் ஏறிச்சா இல்லியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இன்னொரு புத்தகத்தின் மேல். படுக்கையில் கிடந்த கணவரைப் பார்த்துக்கொண்ட ஒரு அம்மா எழுதிய நினைவுகள். அழகான தமிழ். அதில் தாகத்தைப் பற்றி ஒரு பக்கம் வருகிறது. தாகம் ஒரு பிரார்த்தனை என்கிறார். நான் படித்துக்கொண்டிருந்தபோது என் மனைவியின் வாயில் ஒரு ஐஸ் கட்டி இருந்தது. அவளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு. மருந்து முழுங்குகிற தண்ணீரும் அதில் சேர்த்தி. சித்திரை வெயிலில் மாடிவீட்டுக்காரர்கள் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டு அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். செடியின் மேல் பொறாமைப்பட்டு அழுதாள். இதில் பிரார்த்தனை எங்கே வந்தது? நான் சைபர் என்றேன். அவள், "அந்தம்மாவுக்கு அப்படி இருந்திருக்கலாம். நாம யாரு சொல்றதுக்கு?" என்று ஐம்பது போட்டாள். அவளுக்கு எப்போதுமே என்னைவிடப் பெரிய மனசு, அது எனக்கு எரிச்சலாகவும் இருக்கும்.

பிடித்ததும் உண்டு. ஒரு அம்மா, மெஸ் நடத்தியவர், தன் வாழ்க்கையை எழுதியிருந்தார். எங்கே திறந்தாலும் சமையல்தான். யார் கல்யாணம், யார் சாவு, எல்லாவற்றையும் அன்றைக்கு என்ன குழம்பு என்பதை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறார். மகன் இறந்த அன்று மதியம் வந்தவர்களுக்கு ரசமும் சோறும் போட்டதை எழுதிவிட்டு, ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன், ஒருத்தரும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். பக்கத்துப் படுக்கைக்காரர் மூக்கை உறிஞ்சினார். நான் நூறு போட்டேன். அவள் எழுபத்தெட்டு போட்டுவிட்டு, நான் படிக்கத் தடுமாறிய எழுத்துப்பிழைகளுக்காக நாலு மார்க் குறைத்தாள்.

அதற்கு அடுத்துத்தான் அந்த நாவல் வந்தது.

ஒரு சின்ன ஊர். மாவு மில் நடத்துகிற ஒரு பெண், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கணவன். பிள்ளை இல்லை. அவளுக்குப் புற்றுநோய். முக்கால்வாசிப் புத்தகம் இருவரும் ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதும்தான். எனக்கு முதலில் அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எழுதியவருக்கு ஆஸ்பத்திரி தெரிந்திருந்தது. வரிசையில் தனக்குப் பதிலாகச் செருப்பை விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது, படம் மடங்கிவிடக் கூடாது என்று ஸ்கேன் கவரை ரயில் கூட்டத்தில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவது எல்லாம் இருந்தது. அப்புறம் ஒருநாள் காலையில், கிளம்புகிற நேரத்தில், அவள் வாசலில் நின்று, "நான் இனிமே வரல" என்கிறாள். அவன் ஆஸ்பத்திரிப் பையை ஆணியில் மாட்டுகிறான், மில்லைத் திறக்கப் போகிறான். மீதிப் பக்கங்களில் அவள் மில்லில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் அரிசி மாவாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு அவள் இல்லை.

படித்து முடித்ததும் என் மனைவி, "தொண்ணூத்தி ரெண்டு" என்றாள்.

"எதுக்கு?"

"கடைசிக்கு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கதாசிரியருக்கு மேல எழுதத் தெரியல, ஆளை முடிச்சுட்டார். அந்தப் புருஷன் ஒரு மனுஷனா? பொண்டாட்டி வரலன்னா, பைய மாட்டிட்டுக் கடை தொறக்கப் போறானாம். சைபர்கூடக் கிடையாது, மைனஸ்" என்றேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"இது அபிப்பிராயம் இல்ல, கோவம். கோவத்துக்கு மார்க் கிடையாது. நிதானமா சொல்லுங்க. அப்புறம் அடுத்த புத்தகம்" என்றாள்.

அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வாரம்தான் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசியிருந்தார். இடது கையில் ஊசி போடச் செய்து வைத்த ரத்தக்குழாய் அடைத்து, வலது கையிலும் அடைத்து, கழுத்தில் குழாய் செருகியிருந்தார்கள். அதிலும் கிருமி வந்துவிட்டது. இனித் தொடையில் போட வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவள் இதயம் தாங்காது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பாதியில் பிரஷர் இறங்கி, காலில் நரம்பு இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். வீட்டுக்கு வந்தால் மறுநாள் மதியம்வரை எழுந்திருக்க முடியாது. கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தால் அடுத்த முறை போகிற நாள் வந்துவிடும். அவள் இதையெல்லாம் நிறுத்திவிட நினைத்தாள். நேராகக் கேட்டால் நான் கத்துவேன், அழுவேன், மகளைக் கூப்பிடுவேன் என்று தெரிந்துதான் நாவலை வைத்துக் கேட்டாள். நான் அந்தப் பெண் செய்தது சரி என்று சொல்லிவிட்டால் இவள் அடுத்த நாள் ஆட்டோ ஏற மாட்டாள். நான் சொல்லாமல் நிறுத்தவும் மாட்டாள். இரண்டும் எனக்குத் தெரியும்.

ஆகவே சொல்லவில்லை. அடுத்த புத்தகமும் தொடங்கவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், டிவி நகை விற்றது. சண்டை மட்டும் வீட்டில் தொடர்ந்தது, எல்லாம் அந்த மாவு மில்காரியைப் பற்றியே. "அவளுக்குப் புள்ளை இல்ல, அதனால போறதுக்குத் துணிஞ்சா" என்பேன். "புள்ளை இருந்தாலும் வலி அவளுக்குத்தானே" என்பாள். "ஒரு வார்த்தை புருஷனைக் கேட்டாளா?" என்பேன். "கேட்டா. அவன் பைய மாட்டுற வரைக்கும் வாசல்லதான் நின்னுட்டு இருந்தா. அவன் வான்னு கூப்பிட்டிருந்தா போயிருப்பா. நீங்கதானே படிச்சீங்க?" என்பாள். நான் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவலூரிலிருந்து மகள் வந்திருந்தாள். அவளுக்கு அங்கேயே ஐடி வேலை, அங்கேயே வீடு. நாங்கள் சண்டை போடுவதைக் கேட்டுவிட்டு, "என்னப்பா, ஒரு கதைக்கா இவ்வளவு?" என்று சிரித்தாள். அவள் அம்மா, "அவ இன்னும் எத்தனை ஊசிதான் குத்திக்கணும், நீயே சொல்லு" என்றாள். மகள் சிரிப்பதை நிறுத்தினாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே பாத்திரம் எதுவும் இல்லை. கிளம்பும்போது அந்த நாவலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு திருப்பிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "அம்மா சொல்றதுதான்பா சரி. ஆனா என் வாயால சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க" என்றாள். நான் அவளைத் திட்டினேன். பெற்ற தாயைப் பற்றிப் பேசுகிற பேச்சா என்று கேட்டேன்.

சென்டரில் பக்கத்துப் படுக்கைக்காரர், "ஏன் சார், படிக்கிறதே வுட்டுட்ட?" என்று கேட்டார். இன்னும் அபிப்பிராயம் சொல்லவில்லை, அதனால் அடுத்தது ஆரம்பிக்க முடியாது என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

"நான் சொல்றேன் எழுதிக்க. அந்தம்மா பண்ணது கரெக்டு. எனக்கும் போதும்னுதான் கீது சார். வூட்ல சொன்னா பசங்க கத்துறானுங்க. காலைல வந்து கைய ஒருத்தன் கால ஒருத்தன் புடிச்சி வண்டில ஏத்திடுறானுங்க. பாசம்தான். இன்னா பண்றது, பேஜாராப் போச்சு."

என் மனைவி அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "எவ்வளவு மார்க் அண்ணா?" என்றாள்.

"நூறு போட்டுக்கமா."

நான் எழுந்து வெளியே வராந்தாவுக்குப் போய் நின்றேன். டாக்டர் அந்த வழியாக வந்தார். நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன், வேறு யாரோ இல்லை. அவர், "மூச்சு முட்டாம பாத்துக்க மருந்து இருக்கு சார். பெரும்பாலும் தூக்கம் அதிகமாகும். வீட்லயே வெச்சிருக்கலாம், நான் போன்ல இருப்பேன்" என்றார். ரொம்ப நல்ல மாதிரியாகச் சொன்னார். அவர் கடுமையாகப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு, தொடையில் குழாய் போடுவதற்காக அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் ஒரு முறை சென்டருக்குப் போகவில்லை. அடுத்து நாங்கள் போனபோது பக்கத்துப் படுக்கையில் வேறொருவர் இருந்தார். இளம் வயது, காதில் இயர்போன். பெரியவர் எங்கே என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். முந்தின முறை மகன்கள் கொண்டுவரும்போது வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். அன்று காலை அவர் வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாராம். மகன்கள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இறக்கிவிட்ட பிறகும் மூத்த மகன் மெஷினில் போடுங்கள், போட்டுப் பாருங்கள் என்று அழுதுகொண்டிருந்தானாம்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தொடைக் குழாய் சரியாக ஓடவில்லை, திரும்பத் திரும்பச் சரிசெய்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். அந்த மகன் கெட்டவன் இல்லை என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் போலவே ஒருத்தன்.

அடுத்த முறை போக வேண்டிய நாள் காலையில் அவளைக் குளிப்பாட்டி, புடவை கட்டிவிட்டு, தலை வாரி, கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். கீழே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள்.

"அந்தப் பொம்பளை செஞ்சது சரிதான்."

அவள் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. "நிதானமா சொல்றீங்களா?"

"நிதானமாத்தான்."

"புருஷன்?"

"அவனும் மனுஷன்தான். பைய மாட்டுறதுக்கு அவன் என்ன பாடுபட்டான்னு கதாசிரியர் எழுதல. அதுக்குத் தனியா மார்க் குறைக்கணும்."

"மார்க் எவ்வளவு?"

நான் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை, வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளைக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தாள்.

"முப்பத்தஞ்சு."

"கஞ்சம்" என்று சிரித்தாள். "பாஸ்தானே?"

"பாஸ்தான்."

ஹாரன் மறுபடி அடித்தது. நான் பால்கனிக்குப் போய், "இன்னிக்கு வேணாம்ப்பா" என்றேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அப்போ நாளன்னிக்கி வந்துடட்டா சார்?" என்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது, கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தி வைத்திருந்துவிட்டுப் போனார்.

உள்ளே வந்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அடுத்தது எடுங்க" என்றாள். நான் அலமாரியைத் திறந்தேன். "சின்னதா பாத்து எடுங்க" என்றாள்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாமே பெரிய புத்தகங்களாக இருந்தன.